6.40 புல்மோட்டை பஸ்ஸுக்கு ஒரு பென்டிரைவ்

டிலக்சன்,
மிச்சக் காசு முப்பது ரூபாயை நீயே வைத்துக்கொள்.
பதிலுக்கு இதைச் செருகு.
மூடி இல்லை, என் மகன் கடித்துவிட்டான்.

ஒன்பது மாதமாக உன் பஸ்ஸில்
ஒரே ஆம்பிளை, விட்டுப்போன ஒருத்தியைத்
திட்டிக்கொண்டே வருகிறான்.
உப்புவெளியில் தொடங்கினால் குச்சவெளி மட்டும் ஓயமாட்டான்.
அவள் ஏன் போனாள் என்று
பஸ்ஸில் எல்லோருக்கும் இப்போது விளங்கிவிட்டது.

இதில் பெண்கள் மட்டும்.
எல்லாம் இந்த வருஷத்துச் சரக்கு.
முகத்தைச் சுளிக்காதே, தாலாட்டு ஒன்றுகூட இல்லை.
ஒரு காலைக்கு ஒருத்தி. அவசரப்படாதே.

திங்கட்கிழமை, ஸ்டாண்டில் ஆள் ஏறும்போதே
மட்டக்களப்பு ஷோபிகாவைப் போடு.
அல்பத்தின் பேர் 'முற்பணம்'.
வாடகைக்கு வீடு தேடிப் போனவளிடம்
பதினொரு வீட்டுக்காரர் சொன்ன பதினொரு சாட்டு,
அதைத்தான் ராப்பாக அடுக்குகிறாள்.
"தனியாவா இருக்கப் போறீர்?"
அந்த இடத்தில் தாளம் அறுந்துபோகும்.
ஸ்பீக்கரைத் தட்டாதே, பழுதில்லை.
மூச்சு எடுக்கிறாள்.

சாம்பல்தீவுப் பாலம் வந்தால் சத்தத்தைக் குறைத்து
கழுகுமலைப் பக்கத்து முத்துப்பேச்சி.
கல்யாணமில்லை, கோயிலில்லை, தவிலுமில்லை.
ஒருத்தி நாதஸ்வரம், இன்னொருத்தி டபுள் பேஸ்,
மின்விசிறி நிறுத்திய ஓர் அறை.
முதல் நாள் எனக்குப் பிடிக்கவில்லை.
தவில் எங்கே, தவில் எங்கே என்று காது தேடியது.
மூன்றாம் நாள்
தேடுவதை விட்டுவிட்டு உட்கார்ந்தது.

ஆரணி, பேர்கனில் இருக்கிறாள்.
மீன் தொழிற்சாலையின் குளிரறை இரைச்சலை
வெட்டி, நீட்டி, மடித்து
நாற்பத்தொரு நிமிடம். ஒரு சொல் இல்லை.
ஆட்கள் ரேடியோ கெட்டுப்போச்சு என்பார்கள்.
சொல்லட்டும்.
நிலாவெளி உப்பளத்தில் வெயில் ஏறும் நேரம் பார்த்துப் போடு.
அந்த வெள்ளைக்குள் இந்த இரைச்சல் போய்
எங்கே உட்காருகிறது என்று பார்.

அடுத்தது கத்தல்.
குருநாகல் தினுஷி, மெட்டல், 'படிவம் பன்னிரண்டு'.
ரவூப் நானா ஸ்டியரிங்கை விட்டுக் காதைப் பொத்துவார்,
ஆகவே பாலங்களில் வேண்டாம்.
என்ன கத்துகிறாள் என்று யாரும் கேட்டால் சொல்லு:
தாயின் ஓய்வூதியக் கடிதத்தை.
வரி விடாமல், இலக்கம் விடாமல்,
'உரிய ஆவணங்கள் இணைக்கப்படாமையால்' என்பதை
ஏழு தரம்.
எனக்குத் தெரியும். அந்த மாதிரிக் கடிதங்களை
வங்கிக் கவுண்டரில் நான் மெதுவாக வாசித்துக் காட்டுகிறேன்.
மெதுவாக வாசிப்பது பிழையோ என்று
இவளைக் கேட்ட பிறகு ஒரு யோசனை.

கடைசியில் கிண்ணியா பஸீஹா.
அட்டையில் முகமில்லை, ஒரு தையல் மெஷின்.
மிதிக்கிற கட்டைதான் தாளம்.
நூல் அறுந்தால் பாட்டும் நிற்கும்,
கோத்தபின் விட்ட சொல்லிலிருந்து தொடரும்.
இதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன்.

*

வெள்ளிக்கிழமை.
பஸீஹாவைப் போட்டாய்.
முன்சீட்டில் மீன்கூடைக்காரி
செருப்பைக் கழற்றிவிட்டுத் தகரத்தை மிதித்தாள்,
குதிக்கால், முன்கால், குதிக்கால்.
இறக்கக்கண்டியில் ஏறிய பள்ளிப் பிள்ளைகள்
அவளைப் பார்த்துத் தாங்களும்.
தகரம் முழுக்கத் தையல்.
நீ டிக்கட் கிழிக்க மறந்து கம்பியைப் பிடித்து நின்றாய்.
ரவூப் நானா வாய் திறக்கவில்லை,
கண்ணாடியில் அவர் தாடி மட்டும் மெல்ல ஆடியது.

என் இறக்கத்தை நானூறு மீட்டர் தாண்டிவிட்டீர்கள்.
நானும் மணி அடிக்கவில்லை.

நூல் அறுந்த இடத்தில் நான் இறங்கினேன்.
கோத்தபின் வந்த மிச்சம்
புல்மோட்டைக்குப் போய்விட்டது.

வெயிலில் திரும்பி நடந்து
பன்னிரண்டு நிமிடம் பிந்திக் கையெழுத்து வைத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'பஸ்' என்று எழுதினேன்.
பொய்யில்லை.